ஒன்றுக்கு ஆறு

மூன்றாம் தொட்டியில் பத்து கிலோ டைக்ரோமேட்.
நாலு தரம் டைட்ரேட் செய்துவிட்டேன்,
எண் மாறவில்லை.
ராணிப்பேட்டையில் மணி இரண்டரை.
சிப்காட் விளக்கும் தொட்டித் தண்ணீரும்
ஒரே நிறம்.

ஒரு டைக்ரோமேட்டுக்கு ஆறு இரும்பு.
இது என் கருத்தல்ல.
ஆறும் ஆளுக்கொரு எலக்ட்ரானை இறக்கி வைத்தால்
ஆரஞ்சு பச்சையாகும்.
ஐந்துதான் வந்தால்?
பச்சை போலத் தெரியும்.
'போல'வுக்குச் சமன்பாட்டில் இடமில்லை.

கிலோவில் சொன்னால்
ஐம்பத்தாறே முக்கால் அன்னபேதி.
கிடங்கில் ஒரு மூட்டை. ஐம்பது.

"ஒரு தொட்டிக்கு ஒரு மூட்டை,
எப்பவும் அதான்மா போடறது"
என்கிறார் ஷிப்டு முனிரத்தினம்.
கெட்டவர் இல்லை. தன் டீயில் பாதி எனக்கு ஊற்றுவார்.
மூட்டையை நம்புகிற மனிதர்.

ஒரு கிலோ நூற்று எண்பத்தேழு கிராம்
அப்படியே மிஞ்சும் என்றேன்.
"மிஞ்சி எங்க போவும்?"
இரண்டு பேரும் பாலாறு இருக்கும் பக்கம்
திரும்பவில்லை.

அன்னபேதி எனக்குப் பழசு.
திமிரி பள்ளிக்கூடத்தில் வியாழன்தோறும்
சாப்பாட்டுக்குப் பிறகு நீல மாத்திரை.
நாக்கில் ஆணி சப்பின ருசி.
எட்டு புள்ளி இரண்டு, என்ன ரத்தம்டி இது
என்றாள் நர்ஸ்.
அன்றைக்கும் இரும்புதான் போதவில்லை.

மூட்டையைப் பிரித்துக் கொட்டினோம்.
தொட்டி பச்சையானது.
"பாத்தியா" என்றார்.
வடிகட்டின தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டேன்.
ஊதா.
அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மறுபடி பார்த்தார். ஊதா.

வெளிவால்வை மூடிச் சாவியைக் கழற்றினேன்.
முழ நீள இரும்பு.
பதிவேட்டில் எழுதினேன்:
இன்னும் ஆறே முக்கால் கிலோ வரும்வரை
திறக்கக் கூடாது. எப்சிபா.
காலை வேலூர் பஸ்ஸில்
மடியில் அந்தச் சாவியோடு நின்றுகொண்டே,
இல்லை, ஆற்காட்டில் சீட் கிடைத்தது.

பத்து மணிக்குத் தொலைதூரக் கல்வித் தேர்வு.
"இது என்னம்மா?"
சாவிங்க சார்.
"எந்தக் கதவுக்கு?"
பதில் சொல்வதற்குள் வினாத்தாள் வந்துவிட்டது.

கேள்வி ஏழு.
வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்றால் என்ன?
எடுத்துக்காட்டு தருக. இரண்டு மதிப்பெண்.

'முதலில் தீர்ந்துபோவது' என்று எழுதி
நிறுத்தியிருக்கிறேன்.
வராந்தாவில் குவித்த பைகளுக்குள்
என் போன் அதிர்கிறது,
விட்டு, மறுபடி அதிர்கிறது.