ழு

திருவல்லிக்கேணியில், பிரியாணிக் கடைக்கு மேல்மாடி.
டிடிபி வேலை, பக்கத்துக்கு எட்டு ரூபாய்.
கல்யாணப் பத்திரிகை, வினாத்தாள்,
சீட்டுக் கம்பெனி விதிமுறைகள்.
நடுவில் ஒருநாள் ஹெப்சிபா மேடத்தின் கையெழுத்துப் பிரதி.
விலங்கியல் துறை. செருப்பில் காய்ந்த சேறு.

'கழுவெளி' என்று எழுதியிருந்தார்.
பிழையென்று நினைத்து
'கழிவு வெளி' ஆக்கிவிட்டேன்.
ப்ரூஃப் பார்க்க வந்தவர் கோபப்படவில்லை.
"ஊரே இந்தத் தப்பத்தான் செய்யுது தம்பி.
குப்பை லாரியும் உன்னை மாதிரிதான் படிச்சிருக்கு."
சிவப்புப் பேனாவால் திருத்தினார்,
நாற்பத்து மூன்று இடங்களில்.

ஐந்நூறு பிரதி. விற்றது எவ்வளவோ.
ஒரு கட்டு, ஆடும் பிரிண்டர் மேசைக்கு
வெகுநாள் முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

தட்டச்சு செய்பவன் படிப்பதில்லை,
விரல்தான் படிக்கும்.
இல்லாவிட்டால்,
'ஏரிகளின் மிச்சத் தண்ணீர்
கடலுக்குப் போகுமுன்
இங்கே சற்று உட்கார்ந்து மூச்சு வாங்கும்' என்று
நானே அடித்த பக்கத்தின் மேல்
நானே மனை வாங்குவேனா?
பள்ளிக்கரணை. அறுநூறு சதுர அடி. பட்டா சுத்தம்.

ஒரு டிசம்பரில் அந்தத் தண்ணீர் வந்தது.
அது உட்கார வேண்டிய இடத்தில்
என் பீரோ நின்றிருந்தது.
மொட்டைமாடியில் இரண்டு இரவு,
நனைந்த பிஸ்கட் பொட்டலத்தோடு,
நாற்பத்தொன்றாம் பக்கத்தை
முதன்முறையாகப் படித்தேன்.
புத்தகம் கையில் இல்லை.

போன மாதம் சமுதாயக் கூடத்தில்
கருத்துக்கேட்புக் கூட்டம்.
இன்னொரு கட்டடம், இன்னொரு வரைபடம்,
சதுப்பின் மேல் மஞ்சள் பூசி 'தரிசு' என்று.
பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு ஜெனிஃபர் எழுந்தாள்.
கையில் நகலின் நகலின் நகல்.
"தரிசு இல்ல சார். கழுவெளி."
"என்ன வெளி?" என்றார்
குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்.
"ழு சார். ழி போட்டா குப்பை ஆயிடும்."

மேடத்தை அவள் பார்த்ததேயில்லை,
விசாரித்தேன்.

மனுவோடு இணைத்த பறவைப் பட்டியலில்
'நீலத் தாழைகோழி'.
நடுவில் ஒரு க் இல்லை.
அது நான் விட்டது.
சிவப்புப் பேனாவுக்கும் தப்பியது.
ரேடியல் ரோட்டோரம் நட்டிருக்கும் பலகையிலும்
அப்படியேதான் இருக்கிறது.
சொல்லலாமென்று வண்டியை நிறுத்தினேன்;
யாரிடம் சொல்வது?

பலகைக்குப் பின்னால், ஆகாயத்தாமரை மேல்,
சிவந்த காலைத் தூக்கித் தூக்கி வைத்து
ஒற்று இல்லாமலே
போய்க்கொண்டிருந்தது கோழி.