நாற்பது வால்யூம்

கொம்பு இருக்குமென்று நினைத்துத்தான் சாக்கை அவிழ்த்தேன்.
இல்லை.
பதினேழாம் நம்பர் மலையில், ஓடையோரம்,
செந்நாய்கள் தின்று மீந்த தலை.
யோகநாதனுக்கு என்னைவிட ஏமாற்றம்.
"பெட்ட மான். இத எவன் செவுத்துல மாட்டுவான்,
வீசிட்டு வாரேன்."

வீச விடவில்லை.
பார்லர் வைத்திருக்கிறவள் நான்.
முகமென்று ஒன்று வாசலுக்கு வந்தால்
திருப்பி அனுப்பிப் பழக்கமில்லை.

கொதிக்க வைக்கக் கூடாது.
கொதித்தால் கொழுப்பு எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு
வருஷம் கழித்து மஞ்சளாக வெளியே வரும்,
கல்யாண வீட்டில் விழுங்கிய பேச்சு மாதிரி.
பெயிண்ட் வாளி, பச்சைத் தண்ணீர், மூடிமேல் கல்,
கக்கூசுக்குப் பின்னால் பத்தொன்பது நாள்.
சேரம்பாடி மழையில் நாற்றம் படுத்தே கிடந்தது.
வெயிலடித்த ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை
எழுந்து கடைவீதி வரை நடந்து போனது.
பழி, கோழிக்கடை பீரானிக்கா மேல்.

பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
மேல் வரிசையில் முன்பல்லே இல்லை.
உதிர்ந்ததோ என்று வாளியின் அடியைத் துழாவினேன்.
பிறவியிலேயே கிடையாதாம்.
கிடைத்த மூன்று கடைவாய்ப்பல்லை
ஃபெவிக்விக் வைத்து அதனதன் குழியில் உட்கார வைத்தேன்.
மூக்குக்குள் சுருள் சுருளாக எலும்பு,
பீடி இலையைவிட மெல்லிசு,
தண்ணீர் பட்டாலே நடுங்குகிறது.
காடு முழுக்க இந்த மடிப்புகள் வழியாகத்தான்
உள்ளே போயிருக்கிறது.
கடைசியாக, அந்த நாய்களும்.

கண்குழிக்கு முன்னால் சின்னதாக இன்னொரு பள்ளம்.
சுண்டுவிரல் நுனிக்கு அளவெடுத்த மாதிரி.
வெள்ளாட்டுக்கு இது இருக்காது.

பாட்டவயலிலிருந்து ஜஸீலா வந்தாள்,
நிக்காஹுக்கு நான்கு நாள் இருக்க.
"சேச்சி, கொறச்சுகூடி வெளுக்கணம்."
பூசினேன். எரியுதா என்றேன். இல்லை என்றாள்,
விரல்கள் நாற்காலியின் கையைப் பிடித்திருந்தன.
எடுத்ததும் கண்ணாடியில் இடமும் வலமும் பார்த்து
இன்னும் என்றாள்.

இரவு ஷட்டரை இறக்கிவிட்டு
நாற்பது வால்யூம் டெவலப்பரைத் திறந்தேன்.
இந்த ஊரில் யார் முடியும் அதைத் தாங்காது,
சேல்ஸ்மேன் தலையில் கட்டிவிட்டுப் போன டப்பா.
நெற்றியிலிருந்து மூக்குவரை கீழ்நோக்கி,
கண்குழி விளிம்பைச் சுற்றி,
பிளாஸ்டிக் தாளால் போர்த்தும்போது
எரியுதா
என்று கேட்டுவிட்டேன்.
பழக்கம்.

எந்த வெள்ளையில் நிறுத்துவது என்பதுதான் தொழில்.
சுண்ணாம்பு வெள்ளை வந்தால்
எலும்பு பொடியத் தொடங்கிவிட்டது.
பல்லின் நிறத்துக்கு வந்ததும் கழுவிவிட்டேன்.

டிவிக்கு மேலே ஆணி.
"யார் கேட்டாலும் ஆடுன்னு சொல்லு" என்றான் யோகநாதன்,
"கொம்பு இல்லாதது ஒருவகையில நல்லதாப் போச்சு."
வீட்டுக்கும் பார்லருக்கும் நடுவில் திரைதான்.
அது காற்றுக்குத் திறக்கும்.

மாதக் கடைசியில் புருவம் எடுக்க
அனுசூயா அக்கா வந்தார், ஃபாரஸ்டர் வீட்டம்மா.
நூலின் ஒரு முனை என் பல்லில் இருக்கும்போது
திரை விலகியது.
"அது என்ன, ஆட்டுத் தலையா?"
வாய் திறக்க முடியாது. தலையை ஆட்டினேன்.
நூல் எங்கோ இழுத்து, அக்கா ஸ் என்றார்.

முகம் கழுவப் போனவர் திரும்பி வரவில்லை.
எட்டிப் பார்த்தேன்.
டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.
சுண்டுவிரல்
அந்தப் பள்ளத்தில்.

குழாய் சொட்டியது. மழையில்லை அன்று.
பத்தேரி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு," என்றார் திரும்பாமலே,
"கொம்போட. மஞ்சளடிச்சுப் போச்சு."

"கொதிக்க வச்சீங்களாக்கா?" என்றேன்.