மிதவை நேரம்

கடலே இல்லாத நாட்டில்
'மிதவை நேரம்' என்ற சொல்லை
மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்,
உலான்பாட்டரில்,
நாற்பது நிமிடமாக நகராத காருக்குள்.
மடியில் அட்டைக் கட்டு.
முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள்.
சனிக்கிழமை தேர்வு.

மிதவை: ஒரு வேலை எத்தனை நாள் பிந்தினாலும்
முடிவுத் தேதி முகம் சுளிக்காதோ
அத்தனை நாள்.
நெருக்கடிப் பாதை:
அந்தச் சலுகை ஒரு நாள்கூட இல்லாத
வேலைகளின் வரிசை.
முன்னால் நிற்கும் நிலக்கரி லாரியின்
ஒற்றைப் பின்விளக்கைப் பார்க்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொதிகலன் அறை.
இவ்வளவுதான் என் திட்டம்.
இதைச் சொல்லத் திட்டச் சாசனத்துக்குப்
பதினோரு பக்கம் ஆனது.

எல்லைக் கசிவு: ஒப்புதல் இல்லாமல் வேலை வளர்வது.
தலைமையாசிரியர் பாயாஸ்க் ஒருநாள்
"அப்படியே ஒரு கைகழுவும் தொட்டி" என்றார்.
அடுத்த வாரம் தொட்டிக்குக் கூரை.
பிறகு கூரைக்கு விளக்கு.
"சின்னதுதானே" என்ற சொல்
எந்த அட்டையிலும் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

இடர் என்றால் இன்னும் நடக்காதது.
நடந்துவிட்டால் அதற்குப் பெயர் சிக்கல்.
என் பம்பு பதினெட்டு நாள்
ஜமீன்-ஊத் எல்லையில் கிடந்தபோது
ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொன்றுக்கு
அதை மாற்றி எழுதினேன்.
அன்றோடு மிதவை தீர்ந்தது.
செப்டம்பரில் ஊற்றவேண்டிய தளத்தை
அக்டோபர் கடைசியில் ஊற்றினோம்.

கான்கிரீட் இறுக ஒரு காத்திருப்பு உண்டு.
இரண்டு மடங்கு ஆள் போட்டாலும்
அது பாதியாகாது.

ஆர்வலர் பட்டியலில் இருபத்துமூன்றாவது பெயர்
துல்மா.
வேலிக்கு அந்தப் பக்கம் கெர் கூடாரம், ஒரு நாய்.
"உன் லாரி வந்தால் நாய் தூங்காது,
நாய் தூங்காவிட்டால் நான் தூங்கமாட்டேன்"
என்று மூன்று முறை புகார்.
அதிகாரம் குறைவு, அக்கறை அதிகம்.
நான்கு கட்டத்தில் அவளுக்கான கட்டம் சொல்கிறது:
தகவல் தெரிவித்தபடி இரு.

தெரிவித்தேன்.
'இன்றிரவு மைனஸ் பதினாறு.
தளம் ஊற்றியாகிவிட்டது.'
பட்டியல் முழுக்கப் போன குறுஞ்செய்தி,
அவளுக்கும் போனது.

அதிகாலை மூன்று மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது
தளத்தின்மேல் மண்டியிட்டிருந்தாள்.
கூடாரத்தின் குளிர்கால அடுக்கைக் கழற்றி,
அந்த ஆட்டுரோமக் கம்பளியை
ஓரம் ஓரமாக இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள்.
நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது.
"தகவல் வந்தது" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.

தளம் பிழைத்தது.
கம்பளி சிமெண்டு ஈரத்தில் ஊறி
பலகையாய் இறுகிப்போனது.
மாற்றக் கோரிக்கை இல்லை, கையெழுத்து இல்லை.
திட்டமிட்ட செலவு, ஆன செலவு, ஈட்டிய மதிப்பு,
மூன்று பத்தியிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.
மாத அறிக்கையில் எழுதினேன்:
கால அட்டவணைப்படி, பச்சை.

எஞ்சிய இடர்:
எல்லா நடவடிக்கைக்கும் பிறகு மீந்திருப்பது.
யாரிடம் மீந்திருக்கும் என்று
அட்டை சொல்வதில்லை.

மாதிரித் தேர்வு, கேள்வி நூற்றுப் பதினேழு:
எதிர்பாராத குளிர். மேலாளர் முதலில் செய்யவேண்டியது?
அ. மேலிடத்துக்குத் தெரிவித்தல்
ஆ. பணியை நிறுத்துதல்
இ. தாக்கத்தை ஆராய்தல்
ஈ. அவசர நிதியை எடுத்தல்
இ-தான் சரி. எப்போதும் இ மாதிரி ஒன்றுதான் சரி.
சனிக்கிழமையும் அதைத்தான் அழுத்துவேன்,
எனக்குச் சான்றிதழ் வேண்டும்.

பின்சீட்டில் இரண்டு சுருள் புதுக் கம்பளி,
கார் முழுக்க ஆட்டு வாசம்.
ரசீதை எந்தத் தலைப்பில் சேர்ப்பதென்று
இன்னும் தெரியவில்லை.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
அவள் கூடாரம் ஒற்றை அடுக்கில் நிற்கிறது,
இன்றோடு ஒன்பதாவது இரவு.

லாரி நகர்கிறது.
ஒரு வண்டி நீளம்.
அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு
கியரைப் போடுகிறேன்.