நகக்குழி

மொத்தம் பத்தொன்பது.
எண்ணிப் பார்க்காமல் தூங்கமாட்டேன் என்பதெல்லாம்
குணாளன் கிளப்பிவிட்ட கதை.
வாரம் ஒருமுறைதான் எண்ணுவேன்.

வேளச்சேரி, தரைத்தளம். கடல் தள்ளித்தான் இருக்கிறது.
உப்புக்கு அந்தத் தூரம் ஒன்றுமில்லை.
ஜன்னலைச் சாத்தினாலும்
கொடியில் காய்ந்த துண்டைப் பிடித்துக்கொண்டு
உள்ளே வந்துவிடும்.
அதனால்
செருப்புப் பெட்டி, மாத்திரை டப்பா, புது ஹேண்ட்பேக்,
எதைத் திறந்தாலும் முதலில் நான் எடுப்பது
'சாப்பிடாதே' என்று எழுதிய அந்தச் சின்னப் பொட்டலம்.

தேங்காயெண்ணெய் கூடாது, பிசுக்கேறி மூட்டு இறுகும்.
தையல் மிஷின் எண்ணெய், ஒரே சொட்டு.
உறைக்கத்தியை உறைக்குள் தூங்க விடாதே,
தோல் ஈரத்தைக் குடித்து இரும்புக்கு ஊட்டும்.
அலகில் நீலம் பூத்தால் விடு,
சிவப்பு பூத்தால் அன்றிரவே துடை.
நீலம், வாழைப்பூவும் மாங்காயும் தந்தது.
சிவப்பு, நீ மறந்தது.

ஆயுதபூஜைக்குப் பத்தொன்பதுக்கும்
சந்தனம் குங்குமம் வைப்பார் மாமியார்.
கற்பூரம் அணையும்போதே நான் துணியோடு நிற்பேன்.
"சாமி இன்னும் சாப்பிடலை."
சாமி சாப்பிடுவதற்குள்
துரு சாப்பிட்டுவிடும், அத்தை.

பதினொன்றாவது, புதுப்பேட்டையில்
கார்புரேட்டர்களுக்கும் கழற்றிய ஹாரன்களுக்கும் நடுவே கிடந்தது.
எருமைக்கொம்புப் பிடி. பித்தளைக் காப்பில்
ஆணியால் கீறிய பெயர்: ஆர். தேவசகாயம்.
தீட்டித் தீட்டி அலகு
வெண்டைக்காய் அகலத்துக்கு வந்திருந்தது.
முந்நூறு என்றார், நூற்றெண்பதுக்குத் தந்தார்.

பல் செட் செய்யும் லேபில் வேலை எனக்கு.
கடைவாய்த் தேய்மானம் பார்த்தே
எந்தப் பக்கம் மெல்லுகிறவர் என்று சொல்வேன்.
லென்ஸில் வைத்துப் பார்த்தேன்:
நகக்குழி புதுசுபோல இருந்தது,
சுற்றி ஒரு கீறல்கூட இல்லை.
எதிர்ப்பக்கம்தான் கட்டைவிரல் பட்டு வழவழத்திருந்தது.
தேவசகாயம் இடக்கைக்காரர்.
அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருமுறை ஆலந்தூர் மெட்ரோவில் ஸ்கேனர் அவரைப் பிடித்தது.
"எதுக்கும்மா கத்தி?"
"கொய்யாப்பழத்துக்கு."
"கொய்யாவைக் கடிச்சித் தின்னக்கூடாதா?"
அன்றிலிருந்து
அவரோடு போகும் நாட்களில் எனக்கு பஸ்தான்.

அந்த டிசம்பரில் தண்ணீர்
கேட்டைத் தட்டாமல் வந்தது.
குணாளன் சிலிண்டரைத் தூக்கினான், மாமியார் குத்துவிளக்கை,
நான் துணிச்சுருளை.
படியில் நின்று கேட்டான், "பத்திரம்?"
"எல்லாம் பத்திரமா இருக்கு" என்றேன்.
அவன் கேட்டது வீட்டுப் பத்திரத்தை.

மொட்டை மாடியில் பாதித் தெரு.
தெருவின் அரிவாள்மனைகள் எல்லாம் தண்ணீருக்கடியில்.
படகில் வந்த ரொட்டி மூட்டைக்கு நைலான் கயிறு,
பால் பவுடருக்குத் தடித்த பாலிதீன்,
பிறகு வெங்காயம்,
ஒருவர் காலில் சுற்றிக்கொண்ட கேபிள் ஒயர்.
சுருளை அவிழ்த்தேன்.
"கையில கொடுக்காதே" என்றார் மாமியார், அந்த நிலையிலும்,
"சண்டை வரும்."
தரையில் வரிசையாக வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.
திரும்பிக்கொள்வது சடங்கில் இல்லை.
பார்க்க மனசு வரவில்லை.

நான்காம் நாள் வடிந்தது.
தண்ணீர்த் தொட்டிமேல் யாரோ அடுக்கி வைத்திருந்தார்கள்,
பதினெட்டு.
ஒன்று போனது போகட்டும்.
செதில், ஆரஞ்சுத் தோல், உருகிய நைலான் பிசிறு,
மூன்று நாள் துடைத்தேன்
சுவரெல்லாம் ஈரமாக இருந்த வீட்டில்.

பதினொன்றாவதைத் தீட்டியிருந்தார்கள்.
கருங்கல்லில்கூட இல்லை,
தொட்டியின் சிமெண்டு விளிம்பில்.
ஆறு மாதம் நான் சேர்த்த பளபளப்பு.
வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினேன்.
பிறகு லென்ஸை எடுத்தேன்.
கீறல்கள் எல்லாம் ஒரே சாய்வு,
நான் தீட்டினால் விழும் சாய்வுக்கு
நேர் எதிர்.

அதை நான் தேய்த்து எடுக்கவில்லை.
யாரென்றும் கேட்கவில்லை.
காலையில் பூத்துக்குப் போனால் மட்டும்
பால் பாக்கெட்டுக்கு நீளும் கைகளைப்
பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.