பல் பிடுங்கும் வேலை

அதிகாலை நான்கு பத்து. ஓலு நகரம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
பிரசவ அறையிலிருந்து செவிலி
எஃகுக் கிண்ணத்தோடு ஓடி வருகிறாள்.
எனக்கு அரை மணி நேரம்தான்.
அதற்குள் வெட்டி, உறைய வைத்தாக வேண்டும்.
இல்லையென்றால் அது தன் கதையை
மறந்துபோகும்.

நஞ்சு.
என் மொழி இதை அப்படித்தான் கூப்பிடுகிறது.
நஞ்சு விழுந்ததா, நஞ்சைப் புதைத்தாயிற்றா.
வெளியே வந்து கிடந்ததைப் பார்த்துப்
பெயர் வைத்துவிட்டார்கள்.
உள்ளே இருந்தபோது அது செய்த வேலையை
யாரும் பார்த்ததில்லை.

கையுறையைத் தாண்டி இன்னும் சூடு.
முந்நூற்று எண்பத்தாறு கிராம்.
நான் எதிர்பார்த்ததைவிட
ஒரு கைப்பிடி குறைவு.

வெல்லாமோ, வயது முப்பத்தொன்று.
(என் காதுக்கு அது பெயரல்ல, கேள்வி.)
படிவத்தில் எழுதியிருக்கிறாள்:
காகித ஆலை மூடிய நாள், ஆகஸ்ட் மூன்று.
கணவன் தபானி வேலை தேடி
எல்லை தாண்டி லூலியோவுக்குப் போன நாள்.
திரும்பி வந்த நாள்.
உறக்கம்: மூன்று மணிக்கு விழிப்பு, தினமும்.
அதிமதுர மிட்டாய், வாரத்துக்கு எத்தனை பொட்டலம்:
இரண்டு என்று எழுதி, அடித்து,
நான்கு.

தினமும் மூன்று மணிக்கு
அவள் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்த சுரப்பி
மணி அடித்திருக்கும்.
வங்கி. வாடகை. வங்கி.
கார்ட்டிசால் ரத்தத்தில் ஏறி
இந்தக் கதவில் வந்து நின்றிருக்கும்.
உள்ளே போனால் அது சொல்லும் செய்தி ஒன்றுதான்:
வளர்ந்தது போதும், முதிரத் தொடங்கு.

கதவில் ஒரு நொதி.
வருகிற ஒவ்வொன்றையும் கழுத்தில் பிடித்து
பல்லைப் பிடுங்கி அனுப்பும்.
உள்ளே நுழைகிற கார்ட்டிசோன்
நெளியும், கடிக்காது.
எல்லாவற்றையும் தடுப்பதும் அதன் வேலையல்ல.
கடைசி வாரங்களில் கொஞ்சம் கடி வேண்டும்,
நுரையீரல் பழுப்பது அதில்தான்.
எவ்வளவு கொஞ்சம் என்று
அதற்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அதிமதுரத்துக்கு ஒரு கெட்ட பழக்கம்.
காவலில் நிற்பவன் கையைப் பிடித்துக்கொண்டு
பேச்சுக் கொடுக்கும்.
நொதி திரும்பிப் பார்ப்பதற்குள்
இரண்டொன்று பல்லோடு நுழைந்துவிடும்.

துண்டுகள் ஆறு. திரவ நைட்ரஜன் சீறுகிறது.
நான்கு முப்பத்தெட்டு.

ஏழு மணிக்குக் கையெழுத்து வாங்க மேலே போனேன்.
குழந்தை இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு கிராம்,
கோபமாக இருந்தது.
வெல்லாமோ பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டாள்:
ஆலையா, மிட்டாயா?

மூவாயிரம் நஞ்சுகளை வரிசையாக வைத்தால்
ஒரு கோடு லேசாகச் சாயும்.
அந்தச் சாய்வுக்காகத்தான் இந்த இரவுகள் எல்லாம்.
ஒற்றைப் புள்ளிக்குச் சாய்வு கிடையாது.
தெரியாது என்றேன்,
அவள் மொழியில், என் மோசமான உச்சரிப்பில்.
வங்கியிலும் இதையேதான் சொன்னார்கள் என்றாள்.
சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை,
தையல் வலித்திருக்கலாம்.

வேறொன்று சொல்லியிருக்க வேண்டும்.
கீழே இறங்கும்போதுதான் வாயில் வந்தது.
உன் ஆகஸ்டும் செப்டம்பரும்,
வெளிச்சமே வராத அந்த டிசம்பரும்
ஒவ்வொரு மூன்று மணிக்கும் வந்து முட்டியதில்
எத்தனை பல் அங்கே உதிர்ந்திருக்கும்,
அம்மா.
கசிந்ததற்குத்தான் என்னிடம் தராசு இருக்கிறது.

திரும்பிப் போகவில்லை. கிண்ணத்தைக் கழுவினேன்.

அறையிலிருந்து கிளம்பும்போது பார்த்தது:
அரசாங்கம் அனுப்பிய அட்டைப்பெட்டியைத் திறந்து
இருப்பதிலேயே சின்னச் சட்டையைத் தபானி எடுத்தான்.
கையை ஒரு மடிப்பு மடித்தான்.
இன்னொரு மடிப்பு.
பிறகு துணிக்குள் விரலை விட்டு
துழாவிக்கொண்டிருந்தான்,
எங்கேயோ அங்கேதான் இருக்க வேண்டிய
ஒரு கையை.