இரண்டும் இடது

பகாவ் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
லோரி ஏறும்போது ஓர் எடை,
இறக்கிவிட்டுப் போகும்போது ஓர் எடை,
கழித்தால் பழம்.
வேலை அவ்வளவுதான்.

சீட்டின் பின்பக்கம் மட்டும்
நாலு மாதமாக ஒரே படம் வரைந்து கொடுக்கிறேன்:
நடுவில் லேசாகப் பருத்து,
உள்விளிம்பில் தட்டு வைத்து,
உடம்பெல்லாம் சின்னச் சின்னக் கட்டம்,
அச்சில் சுட்ட குவே மாதிரி.
இந்த ரப்பர் எங்காவது கண்ணில் பட்டால்
விலை கேட்காதே அண்ணே, வாங்கி வந்துவிடு.

டிரைவர்கள் நல்லவர்கள்.
சிகாமட்டிலிருந்து
குஞ்சம் தொங்கும் சைக்கிள் பிடி வந்தது, ரோஸ் நிறம்.
கெமாஸிலிருந்து புல்வெட்டி இயந்திரத்தினுடையது, ஒன்றே ஒன்று.
ரொம்பினிலிருந்து அருள்செல்வம் கொண்டுவந்தது
ஊன்றுகோலின் அடிக்குமிழ்.
"ரப்பர்தானே கேட்டே" என்றான்.

வண்டி பின்கட்டில், கோழிக்கூண்டை ஒட்டி நிற்கிறது.
எழுபத்து நாலாம் வருஷத்து ஸ்க்ராம்பிளர்.
விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது,
பந்தயத்தைத் தவிர வேறு எதற்கும் ஆகாது.
டேங்கில் பேர் உரிந்து கடைசி மூன்றெழுத்து நிற்கிறது.
தகட்டில் 47.
கார்ப்பரேட்டர் பினாங்கிலிருந்து தபாலில் வந்தது.
ஸ்போக்கு ஒவ்வொன்றையும் நானே இழுத்துக் கட்டினேன்.
பாக்கி, கை படும் இடம்.

இந்த வட்டாரத்துப் பாலில்தான்
பாதி உலகம் டயர் மாட்டி ஓடியது என்பார்கள்.
எனக்கு வேண்டியது
நாலரை அங்குலத்தில் ரெண்டு துண்டு.

கோலா பிலாவில் ரொஸ்லான் கடை.
பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார்.
திருகாணி, சாவி, யாருடையதோ மூக்குக்கண்ணாடி,
அதற்கடியில் அதே கட்டம், அதே தட்டு, அதே பருமன்.
எண்பது வெள்ளி.
பேரம் பேசும்போது குரல் நடுங்கியதைக் கவனித்துவிட்டார்,
எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை.

சோப்புத் தண்ணீர் தடவினேன்.
இடப்பக்கம் வழுக்கிப் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தது.
வலப்பக்கம் ஏறவில்லை.
வெந்நீரில் போட்டேன், ஏறவில்லை.
எக்ஸிலரேட்டர் குழாய் மூன்று மில்லிமீட்டர் தடிமன் கூட;
அதற்கென்று துளை பெரிதாக இருக்கவேண்டும்.
ரெண்டும் இடது.
நாள் முழுக்க அளந்து சம்பளம் வாங்குகிறவள்
அளக்காமல் வாங்கியிருக்கிறேன்.

யாகப்பனிடம் போனேன்.
47 அவர் ஓட்டிய எண்.
தாமானில், முன்னறையில், பேட்மிண்டன் பார்த்துக்கொண்டிருந்தார்,
செட் முடியும்வரை பேசவில்லை.
சுவரில் படம்: வண்டி அந்தரத்தில், அடியில் சேறு,
கூட்டத்தில் ஒருவன் குடையோடு திரும்பி ஓடுகிறான்.
கறுப்பு வெள்ளை.
"பிடி என்ன நிறம் அங்கிள்?"

"எது? கம்பெனி போட்டதா?
மொத வாரமே கழட்டி விசிறிட்டேன்.
கை ரெண்டும் கொப்புளம், மழை பட்டா விலாங்கு.
சைக்கிள் டியூப அறுத்துச் சுத்தி
கம்பி முறுக்கிக் கட்டியிருந்தேன்.
அந்தப் படத்துலயும் அதான். கிட்ட போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன்.
வலது மணிக்கட்டருகே
கம்பி முனை துருத்திக்கொண்டு நின்றது.

"எவ்வளவு குடுத்தே?"
நாற்பது என்றேன்.
"அடிப் பாவி" என்றார், டிவியைப் பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை
இடப்பக்கம் எழுபது வெள்ளியில் பாதி,
வலப்பக்கம் பஞ்சர் கடையில் சும்மா கிடைத்த டியூபு.
ஐந்தாவது உதையில் பிடித்தது.
கோழிகள் வேலி தாண்டின.
செம்மண் சடக்கில், பனைவரிசைக்கு நடுவே,
மூன்றாவது கியர் வரை போனேன்.
இடது கை எதையும் உணரவில்லை.
வலது உள்ளங்கையில் கம்பி கீறிய கோடு
இன்னும் எரிகிறது.

திங்கள் காலை, சீட்டின் பின்னால்
மறுபடி அதே படம்.
கீழே பெரிதாக எழுதினேன்: வலது.

அருள்செல்வம் வாங்கிப் பார்த்தான்,
திருப்பிப் பார்த்தான்,
லோரியை நியூட்ரலில் உறுமவிட்டுக் கேட்டான்:
"வலதுன்னா,
ஏறி உக்காந்து பாக்குறப்பவா,
எதிரே நின்னு பாக்குறப்பவா?"