நிகர எடை

லோரி உள்ளே வரும்போது ஒரு எடை,
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை.
கழித்தால் மிச்சம் செம்பனை.
பதினோரு வருடமாக என் பிழைப்பு இந்தக் கழித்தல்.
பகாவ் ஆலையில் என் பெயர்
எடைமேடைக் கிராணி.

அவளைக் கையில் கொடுத்தபோது
இரண்டு கிலோ எழுநூறு என்றாள் யூலியானா.
போர்வையோடா, போர்வை இல்லாமலா
என்று கேட்டுவிட்டேன்.
வாய் பழகிய தோஷம்.
அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

புளோரெஸ் தீவிலிருந்து
உதிரிப்பழம் பொறுக்க வந்தவள்.
பெர்மிட் செத்து ஏழு மாதம்,
கப்பலுக்கு நான்கு நாள்.
"இதோடு போனால் அப்பா வாசலில் ஏற்றமாட்டார்.
பெயரை மட்டும் மாற்றிவிடாதே."
மெதுவாகச் சொன்னாள், மலாயில்,
எனக்குப் புரியவேண்டுமே என்று.

அப்புறம் எல்லாமே தாள்.

ஜேபிஎன் முகப்பில்
"பிள்ளை எந்த நாடு?"
குவாலா பிலா ஆஸ்பத்திரியில் பிறந்தது.
ஊசி போட ரொம்பின் கிளினிக் வரை போயிருக்கிறது.
அதைத் தாண்டி ஒரு பாலம் பார்த்ததில்லை.
"நாடு எது என்று கேட்டேன்."

தொப்புள்கொடியை நர்ஸ் அறுத்துவிட்டாள்.
நாடு அறுபடவில்லை.
அதற்குக் கோர்ட்டு வேண்டுமாம்,
வக்கீல் வேண்டுமாம்,
மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி, முதல் தவணை.
சங்கிலிமுத்து மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு
ஷிஃப்டுக்கு நடந்து போனார்.
நடந்தால் உடம்புக்கு நல்லது என்று
யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

சமூகநல இலாகாவிலிருந்து புவான் ரோஹானி வந்தார்.
ஐஸ்பெட்டியைத் திறந்தார்.
விலைச்சீட்டு உரிக்காத ஆப்பிள் ஒன்பது
வரிசையாக அவரைப் பார்த்தன.
"சொந்தப் பிள்ளைக்கு முயற்சி செய்யவில்லையா?"
தண்ணீர்க்குழாய் சொட்டுகிறது என்று
சங்கிலிமுத்து வெளியே போய்விட்டார்.
நான் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்து வைத்தேன், தேதிவாரியாக.
அதற்குள் இவள்
அதிகாரியின் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.
பிடுங்காமல் காத்திருந்தார் அந்த அம்மாள்.
எவ்வளவு நேரம் என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஏழாம் மாதம் வக்கீல் கூப்பிட்டார்:
தாயின் சம்மதத்தில்
மூன்றாம் பக்கம் கையெழுத்து விடுபட்டிருக்கிறது.

தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில் ஏறினால்தான்
அவளுக்கு லைன் கிடைக்கும், காலை ஆறு மணிக்கு.
இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம்.
அங்கே சேவல் கேட்டது.
இங்கே நான் விளக்குப் போட்டிருந்தேன்.
கையெழுத்து என்று தொடங்கினேன்.
"எவ்வளவு எடை?" என்றாள்.
ஏழு கிலோ நானூறு.
கொஞ்சம் இரைச்சல்.
"போர்வை இல்லாமலா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
லைன் போய்விட்டது என்று நினைத்து
அவள் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

சிரம்பான் கோர்ட்டில் ஆறு நிமிடம்.
பக்கத்து அறையில் யாரோ ஜாமீனுக்கு அழுதார்கள்.
உத்தரவு வந்தது, முத்திரை வந்தது,
பிறகு ஒரு புதிய சூராட் பெரானாக்.
மார்செலினா த/பெ சங்கிலிமுத்து.
முகப்பில் இருந்த பையன் இரண்டு தரம் வாசித்துவிட்டு
என்னைப் பார்த்தான்.
தாய் என்ற இடத்தில் நான்.
குடியுரிமை என்ற இடத்தில்
பழைய வரி, பழைய மையில்:
புக்கான் வார்காநெகாரா.

"அதற்கு வேறு மனு, அக்கா. வேறு மாடி."

நேற்று சாயங்காலம் லோரி இல்லாத நேரம்
எடைமேடையில் ஓடி விளையாடினாள்.
திரையில் சுழியம்.
இருபது இருபதாக எண்ணும் இயந்திரம் அது,
பதினொரு கிலோ அதற்குக் காற்று.
அவளை இறக்கிவிட்டு
நாங்கள் இருவரும் ஏறினோம்: நூற்றுநாற்பது.
"நானும்" என்று கை நீட்டினாள்.
தூக்கிக்கொண்டார்.
நூற்றறுபது.

கணக்கு தப்பு.
ஒன்பது கிலோ கூடுதல்.
தப்பான எடைக்கு நான் சீட்டு அடித்ததில்லை இதுவரை.
அடித்தேன்.
ஜேபிஎன் கோப்பில், புதிய மனுவுக்குப் பின்னால்
அது இருக்கிறது.

பின்னால் லோரிக்காரர் ஹாரன் அடித்தார்.
இறங்கினோம்.